ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். போனில் பதில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று தாண்டிப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

"அங்கே வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாய். எல்லாம் என்றால் எது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நான் அனுப்பும் படங்களை வைத்து நீயாக ஒரு நாட்டைக் கட்டி வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். படம் எடுக்கத் தோன்றும் நாளில்தானே படம் எடுக்கிறோம்! பனி விழுந்த முதல் நாள் எடுத்தேன். அதே பனி உருகிச் சேறாகி, ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து, வராத பஸ்ஸுக்காக நின்ற நாளை எடுக்கவில்லை.

எனவே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறேன். படித்த படிப்புக்கு ஒரு படி கீழே உள்ள வேலைதான் இன்னும். என்னைவிட வயதில் சின்னவர் எனக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறார், அதுவும் மிகப் பொறுமையாக. அந்தப் பொறுமைதான் சில நாள் எரிச்சலாக இருக்கும். மதிய இடைவேளையில் ஏதோ ஒரு படிவத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்து, யாராவது எடுக்கும்வரை அவர்கள் போடும் இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாலையில் வகுப்பு. வீட்டுக்கு வந்தால் துணி, பாத்திரம், குப்பை எல்லாம் நானே. எதிர்வீட்டு அம்மா பார்க்கும்போதெல்லாம் முகம் மலரச் சிரிப்பார். உள்ளே வா என்று கூப்பிடும் சிரிப்பு இல்லை அது. நீ நன்றாக இரு, நான் என் வேலையைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதில் பொய் எதுவும் கிடையாது. அதற்கு மேல் எதிர்பார்த்து நிற்பவருக்குத்தான் பொய்யாகத் தெரியும்.

மாலை வகுப்பில் எனக்கு உளவியலும் ஒரு பாடம். அதில் படித்த ஒன்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் வெயிலுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவிலும், குளிர் வாட்டும் மத்திய மேற்குப் பகுதியிலும் படிக்கும் மாணவர்களிடம் உங்கள் வாழ்க்கை எப்படி என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு திருப்திதான். ஆனால், உங்களைப் போன்ற ஒருவர் எங்கே இருந்தால் அதிகத் திருப்தியோடு இருப்பார் என்று கேட்டபோது, இரண்டு பக்கத்து மாணவர்களும் கலிஃபோர்னியா என்றார்கள். வெயிலில் இருப்பவர்களும் அதையேதான் சொன்னார்கள், பார்.

இரண்டு ஊரை ஒப்பிட்டுக் கேட்டவுடன் வித்தியாசம்தான் மனதில் முன்னால் வந்து நிற்கிறது. ஒரே மாதிரி இருப்பவை கண்ணில் படுவதில்லை. கலிஃபோர்னியாவிலும் பல் வலிக்கும், பாடம் புரியாமல் போகும், கூட இருப்பவனோடு சண்டை வரும். இந்த நாட்டை நினைத்தால் உனக்கு ரோடும் சம்பளமும் தெரிகின்றன. உன்னோடு விமானம் ஏறப்போகும் தூக்கமும் கோபமும் தள்ளிப்போடும் பழக்கமும் தெரிவதில்லை. (முறைக்காதே. தள்ளிப்போடுவதில் நம் வீட்டில் யாரும் சளைத்தவர்கள் இல்லை.)

வராதே என்று சொல்லவில்லை. வேலை நேரம் முடிந்தால் முடிந்ததுதான், அதன்பின் யாரும் கூப்பிடுவதில்லை. இரவில் தனியாக நடந்து வருகிறேன். என் சம்பாத்தியத்தில் எனக்கென்று ஓர் அறை. இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம். ஆனால் என்னென்ன மாறும், என்னென்ன மாறாது என்று தெரிந்துகொண்டு வா.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள் என்று உனக்கு நிறையப் பேர் புத்தி சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காப்ரியேலே எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர், டோரிஸ் மேயர் என்பவரோடு சேர்ந்து, படிப்பு முடித்து வேலை தேடுபவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார். 2002-இல் வெளிவந்தது. "எனக்கு வேலை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது" என்று கணக்குப் போட்டு நம்பியவர்கள் நன்றாகவே வந்தார்கள். நல்ல வேலையில் உட்கார்ந்திருப்பதாக அடிக்கடி மனதுக்குள் படம் ஓட்டிப் பார்த்தவர்கள்தான் குறைவாக விண்ணப்பித்து, குறைந்த சம்பளத்தில் நின்றார்கள். மனதுக்குள்ளேயே ஒருமுறை சாப்பிட்டு முடித்தவனுக்கு அடுப்பு மூட்ட அலுப்பாகத்தானே இருக்கும்! நம்பிக்கையை நீ குறைக்கவே வேண்டாம். படம் ஓட்டுவதை மட்டும் குறை. ஓடத்தான் செய்யும் என்றால், நடுவில் என்ன குறுக்கே வரும் என்பதையும் சேர்த்தே ஓட்டு.

வந்தபின் மனது எப்போது விழும் என்று கேட்டாயே, அதற்கு யாரிடமும் உறுதியான பதில் இல்லை. உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த 200-க்கும் மேற்பட்ட நார்வேக்காரர்களை ஆராய்ந்து, ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர் 1955-இல் எழுதினார்: முதலில் உற்சாகம், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை இருந்தவர்களுக்குத் தொய்வு, அதற்கும் மேல் இருந்தவர்கள் மறுபடி நிமிர்ந்தார்கள். பாடப்புத்தகங்களில் இது ரொம்பப் பிரபலம். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, வந்து இறங்கிய நேரம்தான் அவர்களுக்கு இருந்ததிலேயே மோசம். எனவே நாள்காட்டியில் வட்டம் போட்டு வைக்காதே.

எனக்கு அந்தத் தொய்வு, எல்லாம் பழகிய பிறகுதான் வந்தது. சித்தி மகள் கல்யாணத்தை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ போனை ஒரு நாற்காலியில் மல்லாக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் எல்லோருடைய குரலும் கேட்கிறது, எனக்குத் தெரிவது கூரையில் சுற்றும் மின்விசிறி. கட் பண்ணவும் மனசு வரவில்லை. அன்றைக்கு உங்கள் யார்மீதும் கோபம் இல்லை. என்னையும் நடுவில் வைத்துத்தான் அது நடக்கும் என்று ஒரு நினைப்பு உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அப்படி ஒன்று இருந்தது என்பதே அன்றுதான் தெரிந்தது.

ஏமாற்றம் வருகிற அன்று நான் செய்வது பெரிதாக ஒன்றும் இல்லை. எது போயிற்று என்று ஒரு தாளில் எழுதுகிறேன், அது மட்டும், அந்த அளவில். "இந்த வேலை கிடைக்கவில்லை" என்பது "எனக்கு வேலையே கிடைக்காது" என்று ஆவதற்கு ஒரு ராத்திரி போதும். அன்றைக்கு எந்த முடிவும் எடுப்பதில்லை. யாராவது ஒருவரிடம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அம்மாவிடம் இல்லை, அவர் என்னைவிட அதிக நாள் அதைச் சுமப்பார்.

இங்கே வர முடியுமா என்ற முடிவுக்கு நீ இப்போது காத்திருக்கிறாய். டென்ஷன் ஆகாதே என்று சொல்ல மாட்டேன். கலிஃபோர்னியாவில் வக்கீல் தேர்வு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை கேட் ஸ்வீனி என்பவரின் குழு ஆராய்ந்திருக்கிறது. மனதை அமைதிப்படுத்த அவர்கள் செய்த முயற்சிகள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டுத் தவித்தவர்கள், தோல்வி என்று தெரிந்தபோது மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள். வெற்றி என்றால் கூடுதலாகச் சந்தோஷப்பட்டார்கள். எனவே தாராளமாகக் கவலைப்படு. சாப்பாட்டையும் தூக்கத்தையும் மட்டும் விட்டுவிடாதே.

இன்னொன்று, இதுதான் அவசரம். நீ போனதும் கடன் அடைந்துவிடும் என்று அப்பா பெரியப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். முதல் வருடம் உன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். அதை நீ கிளம்புவதற்கு முன்னால், எதிரே உட்கார்ந்து அவரிடம் காட்டிப் பேச வேண்டும். இங்கே வந்து போனில் சொன்னால் அதே கணக்கு சாக்குப்போக்காகத்தான் கேட்கும். உன் ஏமாற்றத்தை நீ சமாளித்துவிடுவாய். அவருடையதை இங்கிருந்து சமாளிப்பது கடினம், நான் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒரு வேலை செய். இங்கே உன் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று நீ நினைக்கிறாய், காலையிலிருந்து இரவு வரை ஒரு பக்கம் எழுதி அனுப்பு. நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு, கடன் கணக்கைப் பேசிவிடலாம். அம்மாவின் கண் பரிசோதனைக்குத் தேதி வாங்கினாயா, இல்லையா? அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா