சைலன்ட் எழுத்துகளும் சின்னவனும்

அன்பு மகளுக்கு,

சின்னவன் ‘நைஃப்’ எழுதும்போது முதலில் வரும் கே-யை விட்டுவிடுகிறான் என்று எழுதியிருந்தாய். “இங்கிலீஷ் அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்று மட்டும் அவனிடம் சொல்லாதேம்மா. அந்த எழுத்து அங்கே வந்ததற்குக் காரணம் இருக்கிறது. காரணத்தோடு படித்தால் மறக்காது.

பழைய இங்கிலாந்தில் அந்த கே-யை வாய்விட்டே சொன்னார்கள்; ‘நைஃப்’ அன்று ‘க்னீஃப்’. குதிரை வீரனான ‘நைட்’, ‘க்னிஹ்ட்’ என்று ஒலித்தது. நடுவில் உள்ள ஜி-எச் அந்த ‘ஹ்’ ஒலிக்காகத்தான். 1476-இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன், லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து மெல்ல நிலைத்துவிட்டது, பேச்சு நிற்கவில்லை. கே உச்சரிப்பிலிருந்து உதிர்ந்தது 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான்.

இதைவிடப் பெரிய மாற்றம் நெடில்களில் நடந்தது. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை அவை ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. ‘நேம்’ முன்பு ‘நாமெ’. ‘டைம்’ என்பது ‘டீமெ’. ‘ஹவுஸ்’ வெறும் ‘ஹூஸ்’. பார்ப்பதைக் குறிக்கும் ‘ஸீ’யை ‘ஸே’ என்றார்கள். அதனால்தான் அதில் இரண்டு ஈ. எழுத்துகளின் பெயர்களே நகர்ந்துவிட்டன, பார்! இத்தாலியில் முதல் உயிரெழுத்துக்குப் பெயர் இன்றும் ‘ஆ’. ஆங்கிலத்தில்தான் அது ‘ஏ’. சின்னவனுக்கு இது நிச்சயம் பிடிக்கும்.

கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் உள்ள பி வேறு வகை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் பி கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் செருகினார்கள். ‘டவுட்’டில் பி (B), ‘ரிசீட்’டில் பி (P), இரண்டும் இப்படி வந்தவைதான். ‘ஐலண்ட்’ லத்தீன் சொல்லே இல்லை; லத்தீனிலிருந்து வந்த ‘ஐல்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு அதில் எஸ்-ஐச் சேர்த்துவிட்டார்கள்.

அவன் நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்கு. முதல் பக்கத்தில் முன்பு ஒலித்து இன்று ஊமையானவை: நைஃப், ரைட், லைட். இரண்டாவதில் லத்தீனுக்காகச் செருகியவை. மூன்றாவதில் உறவுச் சொற்கள்: ‘சைன்’-இல் ஜி ஒலிக்காது, ‘சிக்னேச்சர்’-இல் ஒலிக்கும்; ‘பாம்’-இல் கடைசி பி ஒலிக்காது, ‘பாம்பார்ட்’-இல் ஒலிக்கும். நாளுக்கு ஐந்து சொல் போதும், ஐந்தும் ஒரே பக்கத்திலிருந்து இருக்கட்டும். பக்கம் கலந்தால் காரணமும் கலந்துபோகும்.

எழுதும்போது ஊமை எழுத்தையும் சேர்த்து, ‘க்னைஃப்’, ‘டெப்ட்’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஆனால் எழுதி முடித்ததும் சரியான உச்சரிப்பில் இரண்டு தடவை வாசிக்க வை. இதை விட்டால் பேச்சிலும் ‘டெப்ட்’ என்றே வரும். பெரியவர்களே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஓ-யு-ஜி-எச் சொற்களைக் கடைசியில் வைத்துக்கொள். அந்தப் பழைய ‘ஹ்’ ஒலி ‘காஃப்’, ‘ரஃப்’ போன்றவற்றில் ‘ஃப்’ ஆனது, ‘தோ’, ‘த்ரூ’ போன்றவற்றில் மறைந்தே போனது. எது எப்படி ஆகும் என்பதற்கு விதி இல்லை. இந்த நான்கை மட்டும் அவன் மனப்பாடம் செய்யட்டும்.

அன்புடன்,
அம்மா