சிறு கீறலுக்குக் கதவு முழுவதும் பெயின்ட் அடித்தது பற்றிய முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 ஒகஸ்ட் 18

முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

இந்த மாதத் தொடக்கத்தில் என் டொயோட்டா அக்வா காரை உங்கள் வாகனத் திருத்த நிலையத்தில் ஒப்படைத்தேன். இடது பக்கப் பின்கதவில், கைபிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய கீறல் இருந்தது. அதைப் பொலிஷ் பண்ணி எடுத்துத் தந்தால் போதும் என்று சொன்னேன். திரும்ப எடுக்க வந்தபோது அந்தக் கதவு முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு அழைப்போ வட்ஸ்அப் செய்தியோ வரவில்லை. பேசிய தொகை 7,500 ரூபா, கையில் தந்த பில் 32,000 ரூபா. பணம் கட்டினால்தான் சாவி என்றார்கள். கார் இல்லாமல் அடுத்த நாள் வேலைக்குப் போக வழியில்லை, கட்டினேன். என் எதிர்ப்பை அங்கேயே வாயால் சொன்னேன். இப்போது எழுத்தில் தருகிறேன்.

கீறல் எப்படி வந்தது என்பது பெரிய விஷயமல்ல. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் கார் நிறுத்துகிற எவருக்கும் நடப்பதுதான், யாரோ ஒருவருடைய சைக்கிள் பிரேக் பிடி உரசிவிட்டுப் போயிருக்கிறது. அது எவ்வளவு ஆழம் என்பதுதான் விஷயம். காரைப் பொறுப்பெடுத்த, உங்களிடம் வேலை செய்யும் தம்பி அதை என் முன்னாலேயே சரியாகப் பார்த்தார். கதவில் தண்ணீர் தெளித்தார். ஈரம் இருக்கும்வரை கீறல் கண்ணுக்கே தெரியவில்லை, காய்ந்ததும் வெள்ளைக் கோடாகத் திரும்ப வந்தது. நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்த்தார், நகம் எங்கும் மாட்டவில்லை. "மேல் கிளியர் கோட்டில் மட்டும்தான் மிஸ், கட் அண்ட் பொலிஷில் போய்விடும்" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. தொழிற்சாலையில் தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புப் பூச்சு, பிறகு பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். அந்த மேல் படை மட்டும் ஏறக்குறைய 40, 50 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். கீறல் அதற்குள் நின்றால் நிறத்தைத் தொடவே தேவையில்லை. 2000, 3000 நம்பர் வோட்டர் பேப்பரால் ஈரத்தோடு மெதுவாகத் தேய்த்து, கொம்பவுண்ட் போட்டு, பொலிஷ் பிடித்தால் முடிந்தது. உங்கள் ஆட்கள் நன்றாக அறிந்த வேலை இது. அதை நம்பித்தான் வந்தேன். காப்புறுதிக்குக்கூட நான் போகவில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கு, நட்டஈடு கேட்காதவர்களுக்குக் கட்டணத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் கழிவை இழப்பானேன், கைக்காசைக் கொடுத்து முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நான் கேட்டதற்கு உங்கள் மேற்பார்வையாளர் தந்த பதில், "புதுப் பெயின்ட்தானே அடித்திருக்கிறோம், முன்பைவிட நல்லது" என்பது. இதை நான் ஏற்கவில்லை. தொழிற்சாலைப் பெயின்ட் கண்ணாடி, ரப்பர், வயர் எதுவும் பொருத்துவதற்கு முன், வெறும் உடல் தகடாக இருக்கும்போது சுமார் 140 பாகை வெப்பத்தில் சுட்டு எடுக்கப்படுவது. கராஜில் பெயின்ட் அடிக்கும் பூத் அறையில் பொதுவாக 60 பாகை அளவோடு நிறுத்திக்கொள்வார்கள், ஏனென்றால் அதற்குள் காரில் எல்லாப் பொருளும் பூட்டியாகிவிட்டது. அந்த முதல் பெயின்டை உங்களால் மட்டுமல்ல, யாராலும் இனி அப்படியே திருப்பித் தர முடியாது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

நிறமும் பொருந்தவில்லை. என் காரின் நிறம் 1எஃப்7 என்ற சில்வர் மெட்டாலிக். சில்வரில் இருக்கும் அலுமினியத் துகள்கள் எந்தப் பக்கம் படுத்து உறைகின்றன என்பதில்தான் அதன் வெளிச்சமே இருக்கிறது. ஸ்ப்ரே கன்னின் காற்றழுத்தமும் தூரமும் கொஞ்சம் மாறினாலே, நிறக் குறியீட்டு இலக்கம் ஒன்றாக இருந்தும் நிறம் மாறித் தெரியும். அதனால்தான் நல்ல பெயின்டர்கள் நிறத்தைப் பக்கத்துக் கதவுக்குள்ளும் மெல்ல இறக்கி மறைப்பார்கள். நீங்கள் கதவின் விளிம்போடு வெட்டி நிறுத்தியிருக்கிறீர்கள். உங்கள் கொட்டகை லைட்டில் இது தெரியவில்லை. பின்னேரம் மறைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கம் பார்த்துக் காரை நிறுத்திப் பாருங்கள். கடல் பக்க வெயில் இடது பக்கத்தில் விழும்போது முன்கதவு ஒரு நிறம், பின்கதவு அதைவிடக் கறுத்த இன்னொரு நிறம். மேற்பரப்பு தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. கண்ணாடியைச் சுற்றிய கறுப்பு ரப்பரில் சில்வர்த் தூள் படிந்திருக்கிறது. ரப்பரைக் கழற்றாமல், டேப்பையும் ஒழுங்காக ஒட்டாமல் அடித்திருக்கிறார்கள். கைபிடிக்குப் பின்னால் டேப் நின்ற கோட்டில் விரலை வைத்தால் ஒரு படி தட்டுப்படுகிறது. உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் நிற்கும் கார் இது. அந்த ஓரம் முதலில் உரியத் தொடங்கும் என்பதுதான் என் பயம்.

விலை விஷயமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் இருந்த ஆண்டுகளில் இருக்கிற காரைக் காப்பாற்றி வைப்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே வழி. பழைய கார் வாங்க வருகிறவர் இப்போது பெயின்டின் தடிப்பை அளக்கும் மீட்டரோடு வருகிறார். 'ஒரிஜினல் பெயின்ட்' என்ற வார்த்தைக்குத் தனி விலை. தெரிந்த ஒருவரிடம் மீட்டர் வாங்கி நானே வைத்துப் பார்த்தேன். மற்றக் கதவுகள் 110, 120 மைக்ரோன் காட்ட, இந்தக் கதவு 250ஐத் தாண்டுகிறது. இதைப் பார்ப்பவர் எவரும் அடிபட்டு, தகட்டைத் தட்டி நிமிர்த்தி டிங்கர் பண்ணிய கதவு என்றுதான் நினைப்பார். நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டார்.

ஆகவே நான் கேட்பது இது. பேசிய தொகைக்கு மேல் வாங்கிய 24,500 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும். ரப்பரில் படிந்த தூளையும் அந்த டேப் விளிம்பையும் உங்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் முன்கதவுக்கு நிறம் இறக்குகிறோம் என்று அதையும் தொடக்கூடாது, அதற்கு எனக்குச் சம்மதமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, உங்கள் கடிதத்தாளில் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும்: இந்தக் கதவு விபத்தில் அடிபடவில்லை, இதில் பள்ளம் நிரப்பும் புட்டி இல்லை, மேலோட்டமான கீறலுக்கு வாடிக்கையாளரைக் கேட்காமல் நிலையம் தானாகவே பெயின்ட் அடித்தது என்று. என்ன பிராண்ட் பெயின்ட், என்ன கிளியர் கோட், அது உரிந்தால் எவ்வளவு காலத்துக்கு உங்கள் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நாளைக்குக் காரை விற்கும்போது என் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பில், ஒப்படைத்த அன்று எடுத்த கீறலின் படம், மீட்டர்ப் படங்கள் ஆகியவற்றோடு அதிகார சபையில் முறைப்பாடு கொடுப்பேன். அவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கீறலைப் பார்த்து உள்ளதைச் சொன்ன அந்தத் தம்பிக்கு இந்தக் கடிதத்தால் ஒரு பிரச்சினையும் வரக்கூடாது. அவர் எழுதிய வேலைச்சீட்டில் 'பொலிஷ் மட்டும்' என்றுதான் இருக்கிறது. அந்தச் சீட்டைத் தாண்டிப் பெயின்ட் அடிக்கச் சொன்னவர் யார் என்பதையும் உங்கள் பதிலில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் வாகன இலக்கமும் இணைத்த பில்லில் உள்ளன)