முடிவு தெரிந்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த திரை விமர்சனத்தில், ‘ஓட்டக்காரி கடைசியில் ஜெயிப்பாள் என்பது டிரெய்லரிலேயே தெரிந்துவிடுகிறது, ரசிகர்களும் அழவேண்டிய இடத்தில் ஒழுங்காக அழுகிறார்கள்’ என்று ஒரு வரி. அந்த ஒழுங்கான ரசிகர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து இருக்கை அம்மாவிடம் டிஷ்யூ கடன் வாங்கியவள்.

முடிவு தெரிந்தால் பார்க்கக் கூடாதா? நம் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் பாரதக் கதை நடத்துகிறார்களே, பாஞ்சாலி கூந்தல் முடிவாள் என்று தெரியாமலா கூட்டம் வருகிறது?

1973-ல் காலாங்கில் புதிதாகத் திறந்த தேசிய விளையாட்டரங்குக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். எனக்கு 14 வயது. தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுகள் நடந்தன. 200 மீட்டர் ஓட்டத்தில் நம் குளோரி பர்னபாஸும் பர்மாவின் தான் தானும் ஒன்றாகவே கோட்டைத் தாண்டினார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். குளோரிக்குத் தங்கம் என்றதும், வீட்டில் ஒருநாளும் குரல் உயர்த்தாத அப்பா குடையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கத்தினார்.

பள்ளியில் நானும் 200 மீட்டர்தான். மறு ஆண்டு வெளிப்போட்டிக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. என் படம் இடைவேளையோடு நின்றது. மீதியைத் தியேட்டரில் பார்த்துக்கொள்கிறேன். விமர்சகர் பெரிய மனது பண்ணி அனுமதிக்கட்டும்.

‘இங்கே இப்படிக் கதை ஏது?’ என்று வேறு கேட்டிருக்கிறார். தாங்கள் அறியாததா? 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் நம் குணாளன் 100 மீட்டரை 10.38 நொடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையில் நொடியின் நூறில் ஒரு பங்கைக் குறைக்க 33 ஆண்டு ஆயிற்று. 2001-ல் ஷியாம் குறைத்தார். ஓட்டக்காரி சாந்தி பெரேரா 2015-ல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம் வாங்கி, காயம்பட்டு, ஓய்ந்துபோனார் என்று எல்லோரும் பேசியபிறகு 2023-ல் சீனாவின் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுகளில் அதே ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். அந்த விளையாட்டுகளில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்கிற திடல்தடப் பிரிவில் நமக்குத் தங்கம் கிடைத்து அப்போது 49 ஆண்டு ஆகியிருந்தது. கதையாசிரியர் எழுதினால் ‘நம்பும்படி இல்லை’ என்று உங்கள் விமர்சகரே எழுதுவார்.

சொல்லப்போனால் குறை அவர்மேல் மட்டும் இல்லை. மான்செஸ்டரில் கால்பந்து ஆட்டக்காரர் யாருக்கோ முழங்கால் வலி என்றால் முக்கால் பக்கம் ஒதுக்குகிறீர்கள். என் பேத்தி பள்ளியில் குண்டெறிதலில் இரண்டாவது வந்தாள். நீங்கள் போட்ட செய்தியில் பெயரும் தப்பு, பள்ளியும் தப்பு. அதைச் சுட்டி நான் எழுதிய கடிதத்தையும் பாதியாகக் கத்தரித்துவிட்டீர்கள். இடப்பற்றாக்குறை, புரிகிறது. முழங்காலுக்கு இடம் வேண்டுமே.

விமர்சகர் திருந்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் படித்தவர். விமர்சனத்தின் கீழே, பகல் காட்சி எந்தத் தியேட்டரில், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி போடுங்கள். இரவுக் காட்சி முடிந்து வெளியே வந்தால் என் வீட்டுப் பக்கம் கடைசி பஸ் போயிருக்கிறது.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகி