பயிற்சி ஆட்டத்துக்கு எதற்குப் ‘படுதோல்வி’?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் இடையே அமெரிக்க பேஸ்பாலுக்கும் சில வரிகள் ஒதுக்கத் தொடங்கியிருப்பதைக் கண்டு மகிழ்ந்த வாசகர்களுள் நானும் ஒருவன். டெட்ராய்ட் நகரின் புறநகர் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசித்து, கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலைக் காபியோடு தங்கள் இதழை இணையத்தில் படிப்பதும், பிப்ரவரி பிறந்துவிட்டால் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பயிற்சி முகாமிலிருந்து வரும் தகவல்களைத் தேடிப் பிடிப்பதும் எனக்கு நெடுநாள் பழக்கங்கள். சென்ற வாரம் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. புளோரிடாவில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் டைகர்ஸ் தோற்றதைத் தாங்கள் ‘படுதோல்வி’ என்ற தலைப்பில் வெளியிட்டு, பருவம் தொடங்கும் முன்பே அணி தடுமாறுவதாக முடித்திருந்தீர்கள். ஓட்டக்கணக்கில் பிழையில்லை, அதிலிருந்து எடுத்த முடிவில்தான் பிழை.

பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. பருவம் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய நாள்தோறும் களமிறங்க வேண்டியிருப்பதால், அதற்கு முன்பு ஆறு வார காலம் உடலைப் பழக்குகிறார்கள். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) கேட்சர்களும் (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்கள்) முதலில் வந்து சேர, மற்றவர்கள் சில நாட்கள் கழித்து வருகிறார்கள். முப்பது அணிகளில் பதினைந்து புளோரிடாவிலும் பதினைந்து அரிசோனாவிலும் முகாமிடுகின்றன. முன்னதற்கு கிரேப்ஃபுரூட் லீக் என்றும் பின்னதற்கு காக்டஸ் லீக் என்றும், அதாவது பழத்தின் பெயராலும் கள்ளியின் பெயராலும், அந்தந்த மண்ணில் விளைவதை வைத்தே பெயர் வழங்குகிறது. லீக் என்று பெயர் இருப்பதுதான் வெளியிலிருந்து பார்ப்பவரைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன்.

இந்த ஆட்டங்கள் நடக்கும் விதத்தை அறிந்தால் ஓட்டக்கணக்கின் மதிப்பு தானே விளங்கும். குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருந்த தோளோடு வரும் முதல்நிலைப் பிட்சர் தம் முதல் ஆட்டத்தில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ் மட்டும் வீசிவிட்டு விலகிக்கொள்வார். வாரம் செல்லச் செல்ல ஒவ்வோர் இன்னிங்ஸாகக் கூட்டி, மார்ச் இறுதியில்தான் ஐந்து இன்னிங்ஸ் அளவை எட்டுவார். புதிதாக ஒரு மெதுபந்தைக் கற்றுவரும் பிட்சர், அடிப்பவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தே, அதே பந்தை மீண்டும் மீண்டும் வீசிப் பார்ப்பார்; அதில் இரண்டு ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்சர் போல எல்லை தாண்டும் அடி) போனாலும் பயிற்சியாளர் பந்தின் சுழற்சியைக் குறித்துக்கொள்வாரே தவிர முகம் சுளிக்க மாட்டார். ஐந்தாம் ஆறாம் இன்னிங்ஸ் வாக்கில் பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் குளித்து உடைமாற்றி வீட்டுக்குக் கிளம்பிவிட, முதுகில் எண்பதுக்கு மேற்பட்ட எண்களைத் தாங்கிய இளைஞர்கள் உள்ளே வருவார்கள். சில நாட்களில் ஒரே அணி இரண்டாகப் பிரிந்து இரு வேறு ஊர்களில் ஒரே நேரத்தில் ஆடும். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமநிலை நீடித்தால், கூடுதல் இன்னிங்ஸ் ஆடாமல் கைகுலுக்கிப் பிரிந்துவிடுவார்கள். 2021இல், பிட்சர் அதிகப் பந்துகள் வீசிவிட்டார் என்றால் மூன்று பேர் அவுட் ஆகும் முன்னரே இன்னிங்ஸை முடித்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். வெளிநாட்டுக்குச் சுற்றுப்பயணம் செல்லும் கிரிக்கெட் அணி உள்ளூர் அணியோடு ஆடும் பயிற்சி ஆட்டத்தில், அரை சதம் அடித்த பேட்ஸ்மேன் அடுத்தவருக்கு வாய்ப்புக் கொடுக்கத் தாமாகவே வெளியேறுவதைத் தங்கள் வாசகர்கள் பார்த்திருக்கிறார்கள். அதை யாரும் விக்கெட் வீழ்ச்சி என்று எழுதுவதில்லையே.

முகாமில் உண்மையாக நடக்கும் போட்டி வேறு. அறுபதுக்கும் மேற்பட்டோர் கூடும் இடத்திலிருந்து தொடக்க நாளன்று 26 பேர் மட்டுமே அணியோடு கிளம்ப முடியும். 2020க்கு முன்பு இது 25ஆக இருந்தது. வந்தவர்களில் நாற்பது பேர் கழகத்தின் முதன்மைப் பட்டியலில் இருப்பவர்கள். மீதிப் பேர் பட்டியலில் இடமில்லாமல் அழைப்பின் பேரில் வந்தவர்கள். முகாம் நாட்களில் மேல்நிலை அணி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது, செலவுப்படி மட்டும்தான். 26 பேருக்குள் வந்துவிட்டாலோ, 2026ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளமே 7,80,000 டாலர். எண்பத்தேழாம் எண் சட்டை அணிந்து ஏழாவது இன்னிங்ஸில் வரும் பையனுக்கு அந்த ஒரு வாய்ப்பு எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் திறமை மட்டுமே இந்தத் தேர்வை முடிவு செய்வதில்லை என்பதில்தான் இதன் சுவாரசியமும் வேதனையும் இருக்கின்றன. முதன்மைப் பட்டியலில் உள்ள ஓர் இளைஞரைப் பொதுவாக மூன்று பருவங்கள் வரை கீழ்நிலை அணிக்கு அனுப்பவும் திரும்ப அழைக்கவும் கழகத்துக்கு உரிமை உண்டு. அந்த உரிமை தீர்ந்துவிட்ட ஒருவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால், மற்ற 29 அணிகளில் எது வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். ஆகவே மார்ச் முழுவதும் பிரமாதமாக ஆடிய இளைஞர் கீழே அனுப்பப்பட, சுமாராக ஆடிய மூத்தவர் அவரை இழக்க மனமில்லாத கழகத்தால் நிறுத்திவைக்கப்படுவது ஆண்டுதோறும் நடக்கிறது. மேல்நிலையில் 172 நாட்கள் இருந்தால் ஒரு முழு ஆண்டுப் பணி. அப்படி ஆறு ஆண்டுகள் சேர்ந்தால் ஆட்டக்காரர் விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். 2015இல் சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன்கள் அடித்து வேறெவரையும்விட முன்னிலையில் நின்றார். ஆயினும் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டு ஏப்ரல் 17 அன்றுதான் அழைக்கப்பட்டார். ஆண்டு முடிவில் அவர் கணக்கில் 171 நாட்கள். ஒரு நாள் குறைந்ததால் ஓர் ஆண்டு தள்ளிப்போயிற்று. அவர் முறையிட்டார்; 2020இல் தீர்ப்பு கழகத்தின் பக்கம் வந்தது. ஒன்பது ஹோம் ரன்களைவிட அந்த ஒரு நாள்தான் அந்த முகாமின் செய்தி.

என் அணிக்கே வருகிறேன். 2025 முகாம் தொடங்கியபோது ஸ்பென்சர் டார்கல்சனுக்கு டைகர்ஸில் இடம் நிச்சயமில்லை. கழகங்கள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் 2020 தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்ட அவர், 2024இல் ஆட்டம் சரிந்து, டெட்ராய்டிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் உள்ள டொலிடோவின் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டிருந்தார். போதாததற்கு, கழகம் கிளேபர் டோரஸை இரண்டாம் பேஸைக் காக்கும் இடத்துக்கு ஒப்பந்தம் செய்து, அங்கிருந்த கோல்ட் கீத்தை முதல் பேஸுக்கு, அதாவது டார்கல்சனின் இடத்துக்கே, நகர்த்தியிருந்தது. அவர் முகாமில் ஆடி ஆடியே இடத்தை மீட்டார். அந்தப் பருவத்தில் 31 ஹோம் ரன்கள் அடித்தார். அதே முகாமில் பார்க்கர் மெடோஸ், மேட் வியர்லிங், வென்சீல் பெரெஸ் என்று வெளிக்கள ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயமடைந்தனர். வெளிக்களத்தின் நடுவில் நிற்க ஆளில்லாமல் போகவே, ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவராக) பெயர்பெற்றிருந்த, ரசிகர்கள் கைகழுவிவிட்ட ஹாவியர் பயேஸ் அங்கே நிறுத்தப்பட்டார். ஜூலையில் அவர், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க அணியில் வெளிக்கள ஆட்டக்காரராகவே இடம்பிடித்தார். முகாமில் தேறி வந்த இளம் பிட்சர் ஜாக்சன் ஜோபுக்கோ ஜூனில் முழங்கை அறுவை சிகிச்சை. அந்த மார்ச் மாதத்தில் டைகர்ஸ் எத்தனை பயிற்சி ஆட்டங்களில் வென்றது என்று இன்று என்னைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. பிறகு முதல் மூன்று ஆட்டங்களையும் லாஸ் ஏஞ்சல்ஸில் டாட்ஜர்ஸிடம் இழந்த அணி, பருவ முடிவில் 87 வெற்றிகளோடு பிளேஆஃப் சுற்றுக்குள் சென்றது.

டைகர்ஸ் முகாமிடும் லேக்லண்ட், டாம்பாவுக்கும் ஆர்லாண்டோவுக்கும் நடுவே உள்ள ஊர். 1934 முதல் அதுதான் அவர்கள் இடம். இடையில் 1943 முதல் 1945 வரை மட்டும், போர்க்காலத்தில் ரயில் பயணத்தைக் குறைக்க வேண்டி, வடக்கே இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் குளிரில் பயிற்சி எடுத்தார்கள். கப்ஸ் அணியும் அதே மாநிலத்தின் பிரெஞ்ச் லிக்கில் இருந்தது. 1945 உலகத் தொடரில் மோதியவை இந்த இரண்டு அணிகள்தான், டைகர்ஸ் வென்றது. வெயில் தேடித் தெற்கே போவது எந்த அளவுக்கு அவசியம் என்று எனக்கு எழும் சந்தேகத்துக்கு இதுவே காரணம். ஆனால் எங்கள் ஊரில் பனி வாரும் ஒருவனிடம் அந்தச் சந்தேகத்தைச் சொன்னால் அடிக்க வருவான். பல்லாண்டுகள் டைகர்ஸ் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்த எர்னி ஹார்வெல், ஒவ்வோர் ஆண்டும் முகாமின் முதல் ஒலிபரப்பை, மாரிக்காலம் கழிந்து காட்டுப்புறாவின் குரல் கேட்பதைச் சொல்லும் விவிலிய வரிகளோடு தொடங்குவார். அவர் 2010இல் மறைந்தார். வாசலில் பனி உருகாத நாளில் அக்குரலைக் கேட்டவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

பயிற்சி ஆட்டத்தின் முடிவு எப்போதுமே செய்தியாகாது என்று நான் வாதிடவில்லை. 2023 பிப்ரவரி 25 அன்று அட்லாண்டாவும் பாஸ்டனும் ஆடிய ஆட்டம் ஒன்பதாவது இன்னிங்ஸில் 6–6 என்று நிற்க, மூன்று பேஸ்களிலும் ஆள் இருக்க, அட்லாண்டாவின் அடிப்பவர் உரிய நேரத்துக்குள் தயாராகவில்லை என்று நடுவர் மூன்றாவது ஸ்டிரைக் கொடுத்து ஆட்டத்தையே முடித்துவைத்தார். பந்து வீசவும் அடிக்கத் தயாராகவும் நேர வரம்பு வைக்கும், அந்த ஆண்டு அறிமுகமான பிட்ச் கடிகாரம் என்ன செய்யப்போகிறது என்பதை நாடு முழுவதும் அந்த நொடியில் புரிந்துகொண்டது. அங்கும் எடுத்துச் சொல்லத் தக்கது விதிதான். யார் வென்றார்கள் என்பது அன்று தீர்மானிக்கப்படவே இல்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. தொடக்க நாள் வரும் வரை இந்தப் பகுதிக்குத் தாங்கள் ஒதுக்கும் இடம் ஆறு வரிகளைத் தாண்டாது என்பதை அறிவேன். அந்த ஆறு வரிகளில் எந்தப் பிட்சர் எத்தனை இன்னிங்ஸ் வீசினார், யாருக்குத் தோள் வலி, அன்று யார் கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார் என்று எழுதுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் இறுதி 26 பேர் பட்டியல் வெளியாகும்போது அதை முழுமையாக அச்சிடுங்கள். கூடவே கடைசி நேரத்தில் டொலிடோவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பெயர்களையும் சேர்த்துக்கொண்டால், ஜூன் ஜூலையில் அவர்களில் ஒருவர் திடீரென்று திரும்பி வரும்போது வாசகர்களுக்கு அவர் அந்நியராக இருக்க மாட்டார். இவ்வளவுக்கும் இடம் போதவில்லை என்றால், ஓட்டக்கணக்கை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
டெட்ராய்ட் புறநகர், மிச்சிகன்