சூளை இல்லாத மண்கல்: அடிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மேல்மண்ணை ஒரு அடிக்கு மேல் வழித்து ஒதுக்கிவிடுங்கள். வேரும் இலைமக்கும் சேர்ந்தால் கல் பிடிக்காது. அடிமண்ணை 10 மி.மீ. சல்லடையில் சலித்து, 200 கிலோவுக்கு 10 கிலோ சிமென்ட் போட்டு, முதலில் வறட்டுக் கலவையாகப் புரட்டுங்கள். தண்ணீர் அப்புறம்தான், அதுவும் தெளித்துத் தெளித்து.

பதம் பார்க்க: ஒரு பிடி உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். நாலைந்து துண்டானால் சரி. பொடிந்தால் தண்ணீர் போதாது. சப்பையாக உட்கார்ந்தால் கூடிப்போச்சு.

நனைந்த கலவை அரை மணிக்குள் அச்சுக்குப் போகணும். டீக்கு எழுந்து போனால் வீண்தான்! அடித்த கல்லைத் தார்ப்பாயால் மூடி, 28 நாள் ஈரம் காயாமல் வையுங்கள். விரிசலுக்குப் பெரும்பாலும் வெயிலில் காயவிட்டதே காரணம். கரிசல் மண்ணுக்குச் சிமென்ட் ஒத்துவராது, சுண்ணாம்பு போடுங்கள்.