சக்கர நாற்காலிக்கும் அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செருப்புக் கடைக்குப் போனால் ஆறாம் நம்பரா, எட்டாம் நம்பரா என்றுதான் முதலில் கேட்பார்கள். காலையிலிருந்து இரவு வரை ஒருவர் உட்கார்ந்தே இருக்கப் போகும் சக்கர நாற்காலியை மட்டும் யாரும் அளவு கேட்டுக் கொடுப்பதில்லை. மதுரை வட்டாரத்தில் நடக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரண முகாம்களில் வரிசையாக நிறுத்தி வைக்கப்படுபவை பெரும்பாலும் 18 அங்குல இருக்கை கொண்ட, மடக்கக்கூடிய இரும்பு நாற்காலிகள். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒல்லியான பெண்ணுக்கும் அதுதான், மேலூரிலிருந்து வந்த பருத்த உடம்புக்காரருக்கும் அதுதான். பொன்னாடை, புகைப்படம், வேன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது.

இத்தனைக்கும் இந்தத் துறையில் நல்ல ஆய்வு நம் மாநிலத்திலேயே நடக்கிறது. சென்னை ஐஐடியின் டிடிகே மறுவாழ்வு ஆய்வு மையத்திலிருந்து 2019இல் நின்ற நிலைக்கு மாற்றித்தரும் 'அரைஸ்' நாற்காலி வந்தது. 2021இல் 'நியோஃப்ளை' நாற்காலியும், அதன் முன்னால் மாட்டி ரோட்டில் ஓட்டக்கூடிய 'நியோபோல்ட்' மோட்டாரும் வந்தன. 2025இல் 9 கிலோ எடை மட்டுமே உள்ள 'ஒய்டி ஒன்' வந்தது. பத்திரிகைகள் மோட்டாரின் வேகத்தையும் எடைக் குறைவையும் பெரிதாக எழுதின. அவற்றைவிடப் பெரிய விஷயம், நியோஃப்ளை உட்காருபவரின் உடலளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு தயாரிக்கப்படுவது. அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்த நாற்காலி எல்லோர் கைக்கும் எட்டாது, சரி. அளவெடுப்பதற்கு என்ன செலவு? ஒரு பெஞ்சும் ஒரு டேப்பும் ஐந்து நிமிடமும்.

கடினமான பெஞ்சில் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். இடுப்பின் இரு பக்கமும் இரண்டு பரீட்சை அட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். டேப்பை உடம்பின் மேல் வளைத்து அளந்தால் கணக்கு கூடிவிடும். அட்டைகளுக்கு இடையே கிடைத்த தூரம்தான் இருக்கையின் அகலம். அடுத்து, புட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, இரண்டு காலுக்கும் தனித்தனியே. வித்தியாசம் இருந்தால் குட்டையான அளவை எடுத்துக்கொண்டு, அதில் 3 முதல் 6 செ.மீ. கழித்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். மூன்றாவது, கால்பலகையின் உயரத்துக்காக, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, வழக்கமாகப் போடும் செருப்போடு. நான்காவது முதுகு. தானே சக்கரத்தைத் தள்ளுபவருக்கு இருக்கையிலிருந்து கடைசி விலா எலும்பு வரை போதும். உடம்பு நிமிர்ந்து நிற்காதவருக்குத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை வேண்டும்.

அளவு தப்பினால் என்ன ஆகும்? 34 செ.மீ. இடுப்புள்ள பெண் 46 செ.மீ. இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத்துக்கு 6 செ.மீ. காலியாகக் கிடக்கும். ஒரு பக்கமாகச் சாய்வார். சில மாதத்தில் முதுகும் அப்படியே வளையப் பழகும். சக்கரத்தை எட்டக் கைகளை அகட்டித் தள்ளுவதால் தோள் போகும். நடக்க முடியாதவருக்குத் தோளும் போனால், கட்டிலுக்கு மாறுவதற்குக்கூட இன்னொருவர் வேண்டும். இருக்கை ஆழம் கூடினால் முழங்கால் மடிப்பு முன்விளிம்பில் இடிக்கும். இடிக்காமல் இருக்க அவர் முன்னால் சறுக்குவார். முதுகின் அடியில் உள்ள திரிக எலும்பில் புண் வரும். கால்பலகை உயர்ந்திருந்தால் தொடை மேலெழுந்து, முழுப் பாரமும் புட்டத்தின் அடியில் உள்ள இரண்டு உட்காரும் எலும்புகளின் மேல் இறங்கும். தாழ்ந்திருந்தால் கால் தொங்கும். தெருவில் உள்ள வேகத்தடை எல்லாம் பலகையைத் தட்டும். சக்கர வளையத்தின் உச்சியில் கையை வைக்கும்போது முழங்கை 100 முதல் 120 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும் என்கின்றன தோள் தேய்மானம் பற்றிய வழிகாட்டுதல்கள். குறுகிய, வேகமான தள்ளல்களைவிட நீளமான, நிதானமான தள்ளல் தோளைக் காப்பாற்றும் என்பதும் வளையத்திலேயே உணர்கருவி பொருத்தி அளந்து கண்டதுதான்.

சர்க்கரை நோயால் இரண்டு காலையும் எடுத்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால்களின் எடை முன்னால் இல்லாததால் உடம்பின் பாரம் பின்னுக்குப் போய்விடும். சாதாரண நாற்காலியில் ஒரு சின்ன மேட்டில் ஏறினாலே மல்லாக்க விழுவார். பின்சக்கர அச்சைப் பின்னுக்குத் தள்ளி மாட்ட வேண்டும், அல்லது பின்னால் விழாமல் தடுக்கும் சின்னச் சக்கரங்களைப் பொருத்த வேண்டும். முகாம் நாற்காலிகள் பலவற்றில் அச்சை நகர்த்தத் துளையே இருக்காது.

குஷன் இல்லாத சக்கர நாற்காலியை, முதுகுத்தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி இழந்தவரிடம் கொடுப்பது ஆபத்து. மருந்துக் கடைகளில் காற்றடித்த வளைய மெத்தை ஒன்று விற்கிறார்கள். தயவுசெய்து அதை வாங்க வேண்டாம். ஓட்டையின் விளிம்பில் அழுத்தம் குவிந்து அங்கேயே ரத்த ஓட்டம் தடைப்படும். ரெக்சின் உறையை இழுத்துத் தைத்த பஞ்சு மெத்தையும் உதவாது. உறை முரசுத் தோல்போல விறைத்து நின்றால் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்காது, அக்னி நட்சத்திரத்தில் வேர்வையும் சேரும். சோபா தைப்பவரிடம் கிடைக்கும் கெட்டியான ஃபோம் அடியிலும் மிருதுவானது மேலேயும் வைத்து, இழுபடும் துணியால் தளர்வாக உறை போட்டாலே பெரிய முன்னேற்றம். தொட்டிலாகத் தொய்ந்துவிட்ட துணி இருக்கையின் மேல் குஷனை மட்டும் வைத்துப் பயனில்லை. அடியில் ஒரு பிளைவுட் பலகை வேண்டும். பலகையும் குஷனும் சேர்ந்து உயர்த்திய அளவுக்குக் கால்பலகையையும் கைப்பிடியையும் மாற்ற மறந்தால், செய்த வேலை வீண்.

குஷன் போதுமா என்று பார்க்க இயந்திரம் தேவையில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போது, உட்காரும் எலும்புக்கும் குஷனுக்கும் இடையே உள்ளங்கை மேலே பார்க்க விரல் நுனிகளை நுழையுங்கள். விரல் நுனி மேலும் கீழும் 5 மி.மீ. அசைந்தால் சரி. அசையவில்லை, ஆனால் எளிதில் உருவ முடிகிறது என்றால் எச்சரிக்கை. விரல் நசுங்கி, உருவவே சிரமமாக இருந்தால் அந்தக் குஷனில் உட்கார வைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் கிராமப்புறப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை இது. அடுத்து, அழுத்தம் விழும் இடத்தை அவ்வப்போது பாரத்திலிருந்து விடுவிப்பது. கைகளை ஊன்றி இரண்டு நொடி எம்பிவிட்டு உட்காருவதையே பலரும் பயிற்சி என்று நினைக்கிறார்கள். அமுங்கிய தோலில் பழையபடி பிராணவாயு நிரம்பச் சராசரியாக இரண்டு நிமிடம் வரை ஆகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு நிமிடம் எம்பி நிற்க யாராலும் முடியாது. மேசையில் முன்னால் குனிந்தோ, பக்கத்தில் சாய்ந்தோ இருக்கலாம். தோளுக்கும் வலி இல்லை.

இனி ரிப்பேர். நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தெருவுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தும், டயர் கிழிந்த சக்கர நாற்காலி ஏன் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கிறது? பெரிய பின்சக்கரத்தின் டயர் வழக்கமாக 24 அங்குலம், 1 3/8 தடிமன். சிறுவர் சைக்கிளுக்கும் 24 அங்குல டயர் உண்டு. ஆனால் ரிம்மில் உட்காரும் விட்டம் முன்னதில் 540 மி.மீ., பின்னதில் 507. இரண்டும் '24' என்றே அழைக்கப்படுவதால் வாங்கி வந்து மாட்டப் பார்த்து, ஏறாமல் தூக்கிப் போடுகிறார்கள். டயரின் ஓரத்தில் 37-540 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று வரும் நாற்காலிகளில் பலவற்றில் பிரேக் நன்றாகவே இருக்கும். டயரில் காற்று இருக்காது. அந்த பிரேக் டயரை அழுத்தித்தானே நிறுத்துகிறது! கட்டைவிரலால் அமுக்கும்போது 5 மி.மீ.க்கு மேல் உள்ளே போனால் காற்றடிக்க வேண்டும்.

முன்சக்கரம்தான் முதலில் போகும். அச்சைச் சுற்றித் தலைமுடியும் நூலும் சிக்கி இறுகும். சுற்றவில்லை என்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது புழுதியை இழுத்து பேரிங்கை அரைத்துவிடும். பல நாற்காலிகளின் முன்சக்கரத்தில் இருப்பது 608 எண் பேரிங், ஸ்கேட்டிங் சக்கரத்தில் உள்ள அதே பேரிங்; பழசைக் கழற்றிக் காட்டி வாங்கலாம். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலில் மழை பெய்தால், 5 அங்குலக் கெட்டி ரப்பர் சக்கரம் மண்ணில் குத்தி நின்று ஆளை முன்னால் கவிழ்க்கும். அங்கே 8 அங்குல அகலச் சக்கரமோ, முன்பின் சக்கர இடைவெளி நீண்ட மூன்று சக்கர நாற்காலியோதான் சரி. வலிமைச் சோதனையிலும் ஒரு குறை உண்டு. சர்வதேசத் தர விதிப்படி நாற்காலியைக் கட்டை பதித்த உருளைகளின் மேல் 2,00,000 சுற்று ஓட்டி, 5 செ.மீ. உயரத்திலிருந்து 6,666 முறை போட்டுப் பார்ப்பார்கள். அதில் புழுதி இல்லை, துரு இல்லை. அதனால் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அதிர்ச்சி, துரு, தேய்மானம் மூன்றையும் சேர்த்து முன்சக்கரத்துக்கென்றே தனிச் சோதனைக் கருவி செய்தார்கள். நம் ஊரில் கொள்முதல் செய்பவர்கள் விலைப்புள்ளி கேட்கும்போது இப்படி ஒரு சோதனை அறிக்கையையும் கேட்கலாம்.

சாய்தளம் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், ஒரு வரி மட்டும்: 1:12 சரிவில் ஒன்றரை அடித் திண்ணைக்கு 18 அடி நீளம் வேண்டும், மாசி வீதிகளின் உள்சந்துகளில் அதற்கு இடமில்லை. அங்கே வீட்டாருக்கு நாற்காலியைப் பின்புறமாகச் சாய்த்துப் பெரிய சக்கரத்தை முதலில் படியேற்றும் முறையைச் சொல்லித்தந்தாக வேண்டும். அதுபோலவே, நிற்கவைக்கும் நாற்காலி கிடைத்த உடனே பல வருடம் படுத்திருந்தவரை நிறுத்திவிடக் கூடாது. முழங்காலும் இடுப்பும் மடங்கி இறுகியிருக்கலாம், எலும்பு மெலிந்து முறியலாம், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கலாம். மருத்துவர் பார்த்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும்.

அளவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணம் வழங்கும் ஒன்றிய அரசின் ஏடிஐபி திட்டத்தில் ஓர் உபகரணம் பெற்றவர், அதே தேவைக்கு மறுபடி பெற 3 ஆண்டுகள் ஆக வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓராண்டு. ஆக, அளவு தப்பிய நாற்காலி ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கினால், சரியான நாற்காலிக்கான வழி மூன்று வருடத்துக்கு அடைபடுகிறது. பொருத்துவதற்கும் பொருத்திய பிறகு கவனிப்பதற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அதே திட்ட விதிகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வகுத்த எட்டுப் படிகளில் பொருத்துதல் ஆறாவது, பயிற்சி ஏழாவது, பராமரிப்பு எட்டாவது. நம் முகாம்கள் ஐந்தோடு நின்றுவிடுகின்றன.

எனவே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு எங்கள் கோரிக்கை: முகாமுக்கு மூன்று வாரம் முன்பே தாலுகா வாரியாக அளவெடுப்பு நாள் வைத்து, நான்கு அளவையும் சீட்டில் எழுதிப் பயனாளியிடமும் ஒரு படி கொடுங்கள். கொள்முதலில் 14, 16, 18, 20 அங்குல இருக்கைகளை அந்தச் சீட்டுகளின் கணக்குப்படி பிரித்துக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அரசின் 'விழுதுகள்' சேவை மையங்களில் ஒரு ரிப்பேர் மேசை போட்டு, 37-540 டயரும் ட்யூபும், 608 பேரிங்கும், பிரேக் செட்டும், கால்பலகையும், இருக்கைத் துணியும் இருப்பில் வையுங்கள். சைக்கிள் கடைக்காரர் ஒருவரை வாரம் இரண்டு நாள் அமர்த்தினால் போதும். ஸ்போக் இறுக்குவதில் எங்களைவிட அவர் கெட்டிக்காரர்.

அதுவரை, முகாமுக்கு அழைத்துச் செல்லும் வீட்டாருக்கு: உங்களில் ஒருவர் டேப் எடுத்துச் செல்லுங்கள். நாற்காலியில் உட்கார வைத்து, விரல் நுழைத்துப் பார்த்து, முன்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, அளவு பொருந்தாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வேறு அளவு கேளுங்கள்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலி அளவெடுத்துப் பொருத்தும் பணியில் உள்ள
இயன்முறை மருத்துவர்களும் நுட்பர்களும்,
மதுரை