ஷிப்டு முடிந்து வரும் கோபம் பிள்ளைக்கு உரியதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பரீட்சை நெருங்க நெருங்க உங்கள் பேப்பரில் மாணவர்களுக்கான அறிவுரை தினமும் வருகிறது, எப்படிப் படிப்பது, எப்போது தூங்குவது, என்ன சாப்பிடுவது என்று. நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளோடு ஒரே அறையில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் வரும் பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் இரண்டு பேருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும், ஷிப்மெண்ட் நேரமென்றால் அதுவும் நிச்சயமில்லை. தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்து லைன் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடமாட இருக்க அப்பத்தாவோ அம்மாச்சியோ கிடையாது. பகல் பூராவும் நின்றுகொண்டே செக்கிங் பார்த்த அம்மா, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிய அப்பா, இவர்கள் வந்து செருப்பைக் கழற்றும்போதே பிள்ளை எனக்கு இந்தச் சோறு வேண்டாமென்று தட்டைத் தள்ளுகிறது. உடனே அடி விழுகிறது.

சாயங்காலம் முழுக்க என்னிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான், கூட்டிப்போக அம்மா வந்ததும் பென்சிலைக் காணோமென்று கத்தி அழும். "உங்ககிட்ட நல்லாத்தான் இருக்கறான், எங்களக் கண்டாத்தான் திமிருங்க மிஸ்" என்று வருத்தப்படுகிறார்கள். திமிர் இல்லைங்க. பள்ளிக்கூடத்தில் அடக்கி வைத்ததையெல்லாம், என்ன செய்தாலும் நம்மை விட்டுவிட மாட்டார்கள் என்று நம்புகிற ஆளிடம்தான் பிள்ளை கொட்டும்.

ஆத்திரத்தை அடக்கி யோசித்து நடக்க உதவுகிற மூளைப் பகுதி, நெற்றிக்குப் பின்னால் இருப்பது, முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். ஆறு வயதுப் பிள்ளையிடம் அழுகிற நேரத்தில் "ஏன் அழுவற, காரணத்தச் சொல்லு" என்று மிரட்டினால் அதற்குச் சொல்லத் தெரியாது, பயம்தான் கூடும். முதலில் பெரியவர் தணிய வேண்டும். முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, பக்கத்தில் உட்கார்ந்து "பென்சில் தொலஞ்சது வருத்தமா இருக்குதா கண்ணு" என்று கேட்டாலே பாதி அழுகை நின்றுவிடும். புத்திமதி எல்லாம் அப்புறம், சாப்பிட்ட பிறகு. அதற்காகக் கேட்டதையெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. போன் கிடையாதென்றால் கிடையாதுதான், அதைக் கத்தாமல் சொல்லலாம்.

அடியாத மாடு படியாது என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிக்கவோ மனம் நோகப் பேசவோ கூடாதென்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே சொல்கிறது. அந்தப் பிரிவு வீட்டுக்கு வராது, ஆனால் அடி வாங்குகிற உடம்பு ஒன்றுதானே.

அதேபோல, அமைதியாக இரு என்று அம்மாவுக்கு மட்டும் சொல்வது பெரிய அநியாயம். அவளும் அதே பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள். கம்பெனி விட்டதும் டீக்கடையில் அரை மணி நேரம் நிற்கிற அப்பாக்கள் நேராக வீட்டுக்கு வந்து பிள்ளையோடு உட்கார்ந்தால் அந்த வீட்டில் சத்தம் தானாகக் குறையும். கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள், சில இடங்களில் போனை உள்ளே விடுவதில்லை, சாயங்கால டீ நேரத்திலாவது பிள்ளையிடம் ஐந்து நிமிடம் பேச விடுங்கள். வீட்டுக்கு வந்தாயா, சாப்பிட்டாயா என்று ஒரு குரல் கேட்டுவிட்டால் ராத்திரி வரை அந்தப் பிள்ளை தாங்கும்.

சோறு தூக்கம் கெட்டு, விளையாட்டையும் விட்டு, பள்ளிக்கூடமே வேண்டாமென்று பல நாள் அடம்பிடிக்கிற பிள்ளையை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகத் தயங்க வேண்டாம். செத்துப்போகிறேன் என்று சொன்னால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் டெலி மானஸ் என்கிற போன் வழி மனநல ஆலோசனைச் சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்காக மட்டுமில்லை, கோபத்தை அடக்க முடியாமல் தவிக்கிற அப்பா அம்மாவும் தங்களுக்காகக் கூப்பிடலாம். இது இங்கே பலருக்குத் தெரியவே தெரியாது.

அந்த எண்ணை உங்கள் பேப்பரில் பெரிய எழுத்தில் போடுங்கள், பெற்றோருக்கென்று வாரம் கால் பக்கமாவது ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டால் நல்லது, எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேப்பர் படிக்க நேரம் கிடைப்பது அன்றைக்குத்தான்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.